மத்தியானங்களில் நின்றுபோன கமரா

அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைக் கமரா இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் தங்கை வாங்கி, கொழும்புக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் கொடுத்துவிட்டது. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. "அக்கா, என்னால வர ஏலாது. பாக்கவாவது விடுங்கோ" என்று தங்கை போனில் அழுதாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம். நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. நான் கலியாணம் செய்யவில்லை. ஆகவே அப்பா என்னோடுதான் என்பது யாரும் வாய் திறந்து பேசாமலே முடிவாகிவிட்ட விஷயம். காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவேன். இடைப்பட்ட நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மட்டக்குளியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். புறக்கோட்டையில் பஸ் மாறி, ஏழரைக்கெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரு மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். என்னை மிஸ் என்பாள், அப்பாவை ஐயா என்பாள். நோய் வந்தபின் பாதிச் சொற்களைத் தொலைத்துவிட்ட அப்பா, அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவார். அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் குழறாமல் வரும்.

கமரா பூட்டிய முதல் பத்து நாளும் பிரச்சினை இல்லை. தங்கை காலைத் தேநீரோடு உட்கார்ந்து அப்பாவைப் பார்ப்பாள். "அப்பா நல்லா நித்திரை", "அப்பாட போர்வை விலகியிருக்கு" என்று வாட்ஸப்பில் எழுதுவாள். அலுவலகத்தில் இருந்து நான் வீட்டுக்குப் போன் எடுத்து, "போர்வையை இழுத்து விடுங்க" என்பேன். அந்தப் பெண், "விட்டிட்டேன் மிஸ்" என்பாள்.

பிறகு ஒருநாள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. கமரா ஓஃப்லைன். மறுநாளும் அதே நேரம். எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணி, தங்கைக்குக் காலை ஏழரை. ஒன்றரை, இரண்டு மணிக்கு அது தானாகவே மீண்டும் வரும். அதற்குள் தங்கை வேலைக்கு ரயில் ஏறியிருப்பாள்.

இந்தச் சாமான்கள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த ஐந்து வாரத்தில் நான் செய்யாத வேலை இல்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். கமராவை செயலியிலிருந்து நீக்கி, போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்து, போனில் வரும் கியூஆர் குறியின் கறுப்புக் கட்டங்களைக் காட்டி, முதலிலிருந்து சேர்த்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கடல் காற்றில் எங்கள் வீட்டில் எல்லாமே துருப்பிடிக்கும் என்பதால் பிளக்கின் பித்தளைக் கால்களை மண்தாளால் தேய்த்தேன். புறக்கோட்டையில் அலைந்து புதிய அடாப்டர் வாங்கினேன். மாலையில் பார்த்தால் கமரா சிரித்துக்கொண்டிருக்கும், நீல விளக்கோடு. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி செத்துவிடும்.

"உங்களுக்கு விளங்கேல்லையா அக்கா?" என்று தங்கை ஒரு சனிக்கிழமை கேட்டாள். "நீங்கள் வீட்ட நிக்கிற நேரம் அது வேலை செய்யுது. அவ தனிய நிக்கிற நேரம் மட்டும் நிண்டு போகுது."

"பாரன், நெற்வேர்க்கா இருக்கும்."

"நெற்வேர்க்குக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா?"

அதற்கு முன் எனக்குள் அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வெளியே சொல்லத் தங்கை இருந்ததால் நான் நல்லவளாக இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கமரா பூட்டித் தரும் ஒருவரை என்னோடு அலுவலகத்தில் வேலை செய்பவர் அனுப்பினார். சிங்களவர், தலை நரைத்தவர், மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டியோடு வந்தார். நான் அதற்காக அரைநாள் லீவு போட்டிருந்தேன். அவர் கமராவைக் கழற்றி, ஊதி, போனில் ஏதோ பார்த்து, மறுபடி பூட்டினார்.

"மிஸ், கமராவில ஒரு பிழையும் இல்ல. லைன்ல பிழை இல்ல. யாரோ பிளக் கழட்டுற."

அந்தப் பெண் அப்போது அறைக்குள்ளேதான் இருந்தாள், அப்பாவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு. அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் கமராவைப் பார்த்தேன். "நீங்க பிளக்கைக் கழட்டினீங்களா?" என்று நான் அந்த இடத்திலேயே கேட்டிருந்தால், ஒரு பதில் கிடைத்திருக்கும். அது அவமரியாதை என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். கேட்காமல் நம்பிக்கொண்டது அதைவிடப் பெரிய அவமரியாதை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலையிலிருந்து என் கண் மாறிவிட்டது. அப்பாவின் இடது முன்கையில் நீலம் பாய்ந்த ஒரு கண்டல் இருந்தது, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர்களுக்கு இலேசாகத் தட்டினாலும் கண்டும் என்று டொக்டர் எனக்கு நேரே சொல்லியிருந்தார். கட்டிலின் கம்பியில் அடிபட்டது என்று அந்தப் பெண்ணும் முதல் நாளே சொல்லியிருந்தாள். அப்படியிருந்தும் நான் அதைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

"அவ ரெண்டு மணித்தியாலம் கமராவை நிப்பாட்டிப்போட்டு எங்கட அப்பாவை என்ன செய்யிறா?" என்று தங்கை கத்தினாள்.

அப்பாவைக் கேட்டுப் பார்த்தேன். "அப்பா, அவ உங்களுக்கு அடிக்கிறவவா? ஏசுறவவா?" அப்பா என்னை நீண்ட நேரம் பார்த்தார். வாய் கோணி, "என்...ன?" என்றார். பிறகு கோபம் வந்தவரைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பயத்தில் சொல்ல மறுக்கிறார் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாடியில் இருக்கும் மிஸிஸிடமும் கதைத்தேன். அவருடைய மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பின்னேரங்களில் இந்தப் பெண்ணையே கேட்கவிருந்தார். "அவசரப்படாதேங்கோ, எங்களுக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் அது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் முந்தியே வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் அறையிலேயே வைத்து, அவர் நித்திரையாக இருக்கும்போது, அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அப்பாவை ஒரு ஹோமில விடலாம் எண்டு யோசிக்கிறம். இனித் திங்கட்கிழமை வரத் தேவையில்லை."

"எந்த ஹோம் மிஸ்?"

"இன்னும் முடிவாகேல்லை."

"முடிவாகலன்னா திங்கக்கிழம ஐயாவ யாரு பாக்கிறது?"

அவள் கமராவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்காகத்தானே மிஸ்? நான் அதத் தொட்டதே இல்ல. தூசி தட்டக்கூடத் தொடல்ல, ஒடஞ்சிரும்னு பயந்து."

"அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன்.

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்த அப்பாவின் சாரங்களை எடுத்து மடித்து வைத்தாள். மருந்துப் பெட்டியில் மாலைக் குளிசையைப் பிரித்து வைத்தாள். போகும்போது அப்பாவை எழுப்பவில்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். அப்பா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை" என்றார். வருவா என்றேன். பன்னிரண்டு மணிக்குச் சோற்றைக் குழைத்து, மீன் முள்ளெடுத்துப் பிசைந்து, ஊட்டத் தொடங்கினேன். வேலைநாட்களில் மத்தியானச் சாப்பாடு நான் கொடுப்பதில்லை. காலையில் என்னோடு இருந்து அப்பா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவார். இரவில் பாணும் பாலும். ஞாயிற்றுக்கிழமை இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, இறங்குவது இறங்கட்டும் என்று கொடுத்துவிட்டு எழும்பிவிடுவேன். அன்றைக்குத்தான் முழுச் சாப்பாட்டோடு உட்கார்ந்தேன். ஐந்தாறு வாய் வாங்கினார். ஒவ்வொரு வாயும் இறங்க இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் சோறு ஆறிவிட்டது. ஆறிய சோற்றை அவர் நாக்கால் வெளியே தள்ளினார். குசினிக்குக் கொண்டுபோய் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தேன்.

சாப்பாட்டோடு திரும்பி அறைக்குள் வர, போன் அடித்தது. தங்கை.

"அக்கா, கமரா திரும்பவும் ஓஃப்லைன்! ஆர் அங்க நிக்கிறது? அவ வந்திட்டாவா?"

"நான்தான் நிக்கிறன்."

"பிளக்கைப் பாருங்கோ."

பிளக் இருந்த இடத்திலேயே இருந்தது. கமராவின் நீல விளக்கு மட்டும் சிவப்பாகி, விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் கையில் ஆவி பறந்த சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்தேன். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். இன்டர்நெட் வயர் எங்கள் வீட்டுக்குள் குசினிச் சுவரால்தான் வருகிறது. ரவுட்டர் மேல் தட்டில், மைக்ரோவேவுக்குச் சரியாக ஒரு சாண் மேலே இருக்கிறது. கமரா பூட்டிப் பத்து நாளில், வயர் காலில் தடக்குது என்று நானேதான் அதை அங்கே தூக்கி வைத்தேன். அரை மணி கழித்துக் கமரா தானாக வந்ததும், ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து மைக்ரோவேவைப் போட்டேன். போனில் அப்பாவின் படம் அசையாமல் நின்றது. பிறகு வட்டம் சுற்றியது. பிறகு ஓஃப்லைன். மறுபடி அரை மணி காத்திருந்து இன்னொரு தரம் செய்தேன். அதேதான்.

கமரா பார்க்க வந்தவருக்குப் போன் எடுத்தேன். "ஆ, மைக்ரோவேவ் கிட்டவா ரவுட்டர்? அப்போ அதுதான் மிஸ். சிக்னலக் குழப்பும். சில கமரா விழுந்தா எழும்பிற லேசில்ல" என்றார், மழை வருமா வராதா என்று சொல்வதுபோல. பிறகு, "அதில ஒரு மெமரி கார்ட் இருக்குத்தானே? ஓஃப்லைன் ஆனாலும் அது ரெக்கோட் பண்ணும். அதப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். ஏன் அன்றைக்கு நீங்கள் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அந்தக் கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைசி எட்டு நாட்கள் அதில் இருந்தன. ஒரு நிமிடம்கூட அறுபடவில்லை. பிளக்கை யாரும் தொடவில்லை.

முதலில் மத்தியானங்களை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் அப்பாவைத் தலையணைகளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைக்கிறாள். தோளில் துவாய் போடுகிறாள். ஒரு வாய் கொடுத்து, தொண்டையைத் தன் இரண்டு விரலால் தடவிவிட்டு, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து வாய்க்குப் பிறகு கிண்ணத்தோடு எழுந்து போகிறாள். திரும்பி வந்து, ஊதி, தன் உதட்டில் சூடு பார்த்து, மறுபடி தொடங்குகிறாள். ஒரு மத்தியானத்தில் நான்கு தடவை. ஒரு நாள் ஐந்து. கிண்ணம் காலியாகும்போது படத்தின் மூலையில் நேரம் ஒன்றரை தாண்டியிருக்கும். எங்கள் கமரா ஒவ்வொரு நாளும் இந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் விழுந்து விழுந்து எழும்பியது.

குரலும் இருந்தது. அப்பா கதைத்தார். என்னோடு பத்துச் சொல் கதைக்காத அப்பா அவளிடம் உடைந்த சொற்களில் ஏதோ ஒரு ரயில் பயணத்தைச் சொன்னார், அரை மணி நேரம். அவள், "அப்புறம் ஐயா? டிக்கட் இல்லாமலா ஏறினீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஊட்டினாள். இடையில் அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாரிசவாதத்துக்குப் பிறகு கேட்டதில்லை. அந்தக் கதையையும் எனக்கு அவர் ஒருபோதும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

கடைசியாக வெள்ளிக்கிழமைப் பதிவு. அதில் நான் இருந்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், கதவுப் பக்கமாக நின்று, ஹோம் என்கிறேன். என் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அவள் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். நான் "அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போன பிறகும் கமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் பக்கத்தில் போய்ச் சற்று நேரம் நிற்கிறாள். கட்டிலின் கம்பியில், அப்பாவின் கை அடிபட்ட இடத்தில், ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டுகிறாள். அந்தத் துணி அங்கே இருந்ததை நான் மூன்று நாளாகக் கவனிக்கவேயில்லை.

ரவுட்டரை அன்று மாலையே வேறு இடத்தில் வைத்தேன். ஒரு நீள வயர், நான்கு ஆணி. பத்து நிமிட வேலை.

புதன்கிழமை மட்டக்குளிக்குப் போனேன். அவள் வீட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. விலாசத்தை எங்கள் கட்டட வாசலில் காவலுக்கு இருக்கும் வாச்சர் தந்தார். மாடி வீட்டுத் திட்டம், கொரிடோர் முழுவதும் துணிகளும் தண்ணீர் வாளிகளும். அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயாவுக்கு என்ன மிஸ்?"

"ஒண்டுமில்லை. அப்பா சுகம். நான் பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். மைக்ரோவேவ், ரவுட்டர், கார்ட். அவள் பாதியில் சிரித்துவிட்டாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"அப்ப ஐயாவுக்குச் சோறு சூடு பண்ணினதுக்குத்தான் என்ன நிப்பாட்டினீங்க."

"திரும்பி வாங்கோ. அப்பா உங்களைத்தான் தேடுறார்."

"வரமாட்டேன் மிஸ்." உடனே சொன்னாள், யோசிக்காமல். "கேட்டிருந்தீங்கன்னா நான் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. நீங்க பொய் சொல்லி அனுப்பினீங்க. மூணாம் மாடி மிஸ் போன் எடுத்து, வேற ஆள் கெடச்சிருச்சின்னாங்க. அவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

நான் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாளியோடு எங்களைத் தாண்டிப் போனாள். அவள் கடந்துபோகும்வரை குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மிஸ், எம் மக கேட்டா, ஏம்மா வேலைக்குப் போகலன்னு. ஐயாவ ஹோம்ல விட்டுட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நீங்க வந்து நிக்கிறீங்க. அவ வாறதுக்குள்ள போயிடுங்க." கதவைச் சாத்தப் போனவள், மறுபடி கொஞ்சம் திறந்தாள். "ஐயாவுக்குக் கடைசி நாலு வாய் குடுக்கிறப்ப தண்ணி குடுக்காதீங்க. பொரையேறும்."

மூன்றாம் மாடி மிஸிஸை லிஃப்டில் கண்டபோது உண்மையைச் சொன்னேன். பிழை எங்களுடையது, அந்தப் பெண் தங்கமானவள், நீங்கள் கூப்பிடலாம் என்று. அவர் கவனமாகக் கேட்டார். "ஐயோ பாவம்" என்றார். "ஆனா எங்களுக்கு வேற ஒராள் சரிவந்திட்டுது. அதோட, ஒருக்கா ஒரு கதை வந்தா மனசில ஏதோ இருக்கும்தானே." அந்தக் கதையைக் கொண்டுவந்தவள் நான் என்பதை இருவரும் குறிப்பிடவில்லை. லிஃப்ட் வந்து நின்றது, அவர் இறங்கிப் போய்விட்டார்.

தங்கைக்கு வீடியோத் துண்டுகளை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் வரவில்லை. பிறகு போன் எடுத்தாள்.

"பாத்தன் அக்கா. பாவம்தான். ஆனா நாங்கள் சந்தேகப்பட்டதில பிழை இல்லைத்தானே? இந்தக் காலத்தில ஆரை நம்புறது?"

"நான் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

"சரி, முடிஞ்சது முடிஞ்சுது. இப்ப கமரா நல்லா வேலை செய்யுது. அதைப் பாருங்கோ."

இப்போது ஓர் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இளநீலச் சீருடை. நல்ல ஒழுங்கு. வந்த முதல் நாளே, "கமரா எங்க மிஸ் இருக்கு?" என்று கேட்டு, தன் கதிரையை அதற்கு நேராகப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டுக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிடுகிறாள். இடையில் ஒருதரம் கிண்ணத்தோடு குசினிக்குப் போய் வருவாள், முடிந்ததும் வெறும் கிண்ணத்தைக் கமராவுக்கு நேரே சரித்துக் காட்டுவாள். தங்கைக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. லண்டனில் எட்டு மணியாவதற்குள் தங்கையிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரு கைகூப்பும் படம் வந்துவிடும்.

அப்பா மெலிந்துகொண்டு போகிறார். சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. போன கிளினிக்கில் டொக்டர், "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். முழுதும் சாப்பிடுகிறார் என்று சொன்னேன். அவர் அப்பாவின் மேற்கையை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை ஒரு தரம் பார்த்தார்.

மிச்சச் சோறு எங்கே போகிறது என்று நான் அந்தச் சீருடைப் பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் எடுப்பேன், மட்டக்குளிக் கதவு ஞாபகம் வரும், பேசாமல் விட்டுவிடுவேன். ஒருவேளை இவளும் ஒரு பிழையும் செய்யாதவளாக இருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து அரைநாள் வேலைக்கு மாற்றித் தரும்படி அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். என்னுடைய மேலதிகாரி அதை மேசையில் வைத்துக்கொண்டு, "ஏன், வீட்டில ஆள் இல்லையா?" என்று கேட்டார். ஆள் இருக்கு என்றேன்.